கலங்கிய நீச்சல் குளத்தைக் காலி செய்யாதீர்கள்: பல்லடம் வட்டார மக்களுக்கு ஒரு வேண்டுகோள்



இந்த ஊர்ப் பிள்ளைகளின் பெற்றோரும், நீச்சல் சொல்லிக்கொடுப்பவர்களும், குளங்களில் மோட்டாரும் ஃபில்டரும் பார்க்கும் தொழிலாளர்களும் ஒன்றுசேர்ந்து இதை எழுதுகிறோம். கோடை விடுமுறைக்கு முன் உங்களிடம் இரண்டு காரியம் கேட்கிறோம். ஒன்று, நீச்சல் குளத்து நீர் கலங்கியதும் அதை வெளியே விட்டுவிட்டு லாரித் தண்ணீர் வாங்கி நிரப்புவதை நிறுத்துங்கள். இரண்டு, அடித்தளம் தெளிவாகத் தெரியாத குளத்தில் எந்தப் பிள்ளையையும் இறக்காதீர்கள்.

நம் பெரியவர்கள் தோட்டத்துக் கிணற்றில் இடுப்பில் கயிறு கட்டிக்கொண்டு நீச்சல் பழகினார்கள். இன்று பல கிணறுகளில் தண்ணீர் இல்லை. பள்ளிகளிலும் அடுக்குமாடிகளிலும் தோட்டத்து வீடுகளிலும் கட்டிய குளங்கள் அந்த இடத்துக்கு வந்திருக்கின்றன. பிள்ளைகள் நீச்சல் பழக வேண்டும் என்பதில் எங்களுக்கு இரண்டாம் கருத்து இல்லை. அதனால்தான் குளம் நன்றாக இருக்க வேண்டும் என்று கேட்கிறோம்.

கணக்கைப் பாருங்கள். 10 மீட்டர் நீளம், 5 மீட்டர் அகலம், சராசரி 1.2 மீட்டர் ஆழமுள்ள சின்னக் குளத்தில் 60,000 லிட்டர் நிற்கும். 12,000 லிட்டர் லாரியில் ஐந்து நடை. மணிக்கு 10,000 லிட்டர் இறைக்கும் மோட்டாரை வைத்து அந்தக் குளத்தின் ஃபில்டரை மூன்று நிமிடம் பேக்வாஷ் செய்தால் (நீரைத் தலைகீழாகச் செலுத்திக் கழுவினால்) செலவாவது 500 லிட்டர்தான். பாசனத்துக்கான மண்டல முறை எப்போது வரும் என்று பி.ஏ.பி. (பரம்பிக்குளம்-ஆழியாறு) வாய்க்காலைப் பார்த்திருக்கும் விவசாயிகள் வாழும் வட்டாரம் இது. நல்ல தண்ணீர் வரும் நாள் பார்த்துக் குடம் நிறைக்கும் தெருக்களும் இங்கேதான் இருக்கின்றன. அந்த ஐந்து நடையும் இதே மண்ணின் ஆழ்குழாய்களிலிருந்துதான் ஏறுகிறது.

நீரைத் தெளிய வைப்பது இந்தப் பகுதிக்குப் புதிய பாடமும் இல்லை. நொய்யலும் ஒரத்துப்பாளையம் அணையும் சாயக்கழிவால் பாழானதைக் கண்டோம். 2011 ஜனவரி 28 அன்று சென்னை உயர் நீதிமன்ற உத்தரவால் திருப்பூர்ச் சாயப்பட்டறைகள் மூடப்பட்டதையும் கண்டோம். அதன்பின் சொட்டுக் கழிவும் வெளியேறக் கூடாது என்ற விதிக்குக் கட்டுப்பட்டு, சாயத்தண்ணீரைச் சுத்திகரித்துத் திரும்பப் பயன்படுத்தும் தொழில் இங்கே வேரூன்றியது. கருநீலச் சாயத்தண்ணீரையே தெளிய வைக்கத் தெரிந்த ஊருக்குக் குளத்தின் வெள்ளைக் கலங்கல் ஒரு பெரிய வேலை அல்ல.

முதலில், ஏன் கலங்குகிறது? நம் போர் தண்ணீர் உப்புத் தண்ணீர். சுண்ணாம்புச் சத்து அதிகம். கிருமி சாக வேண்டும் என்று அதில் பிளீச்சிங் பவுடரை அப்படியே அள்ளிக் கொட்டுகிறோம். அந்தப் பவுடரில் கரையாத சுண்ணாம்பு இருக்கிறது. நீரின் காரத்தையும் அது ஏற்றிவிடுகிறது. பி.எச். அளவு 7.8-ஐத் தாண்டியதும் நீரில் கரைந்திருந்த சுண்ணாம்பு நுண்துகளாகப் பிரிந்து பால் போல் மிதக்கும். மாற்றி நிரப்பும் புதுத் தண்ணீரும் அதே சுண்ணாம்போடுதான் வருகிறது. அடுத்த வாரமே குளம் மறுபடி வெளுப்பது இதனால்தான்.

இதைக் கண்டுபிடிப்பது எளிது. கண்ணாடி டம்ளரில் குளத்து நீரை எடுத்துச் சில சொட்டு வினிகர் விடுங்கள். தெளிந்தால் சுண்ணாம்பு. தெளியாவிட்டால் தூசி, பாசி, வியர்வை, எண்ணெய் இவற்றில் ஏதோ ஒன்று; அங்கே குளோரின் போதாமல் இருக்கலாம். கடையில் கிடைக்கும் டெஸ்ட் கிட் ஒன்றை வாங்கி வையுங்கள். பி.எச். 7.2 முதல் 7.6 வரை, குளோரின் லிட்டருக்கு 1 முதல் 3 மில்லிகிராம் வரை இருக்க வேண்டும். பிளீச்சிங் பவுடர்தான் போடுவீர்கள் என்றால் வாளியில் கரைத்து, தெளியவிட்டு, மேல்நீரை மட்டும் மாலையில் ஊற்றுங்கள். உச்சி வெயிலில் ஊற்றும் குளோரின் சில மணி நேரத்தில் வீணாகும்.

அளந்து பார்க்காமல் மருந்து ஊற்றினால் என்ன ஆகும் என்பதற்கு 2016 ரியோ ஒலிம்பிக்கே சாட்சி. டைவிங் குளத்தில் யாரோ 80 லிட்டர் ஹைட்ரஜன் பெராக்சைடை ஊற்ற, அது இருந்த குளோரினைச் செயலிழக்க வைத்தது. உலகமே பார்த்துக்கொண்டிருக்கக் குளம் பச்சையானது. அதேபோல் பச்சையான பக்கத்துக் குளத்தில் ஏறத்தாழ 37 லட்சம் லிட்டரை மாற்ற வேண்டி வந்தது.

அடுத்தது ஃபில்டர். நம் குளங்களில் பெரும்பாலும் இருப்பது மணல் ஃபில்டர். நன்றாகக் கழுவியதும் பிரஷர் கேஜில் முள் நிற்கும் இடத்தைப் பெயின்டால் குறித்து வையுங்கள். அதன்பின் கேஜே பேசும்.

முள் அந்தக் குறியிலிருந்து அரை கிலோ ஏறினால் மணல் அடைத்துக்கொண்டது, பேக்வாஷ் செய்யுங்கள். தினமும் செய்ய வேண்டியதில்லை. லேசாக அழுக்கேறிய மணல்தான் நுண்துகளை நன்றாகப் பிடிக்கும்.

முள் இறங்கி, குளத்துக்குள் வரும் நீரும் மெலிந்தால் மோட்டாருக்கு நீர் போதவில்லை. மோட்டாரின் முன்கூடையில் இலையும் முடியும் அடைத்திருக்கும், அல்லது நீர்மட்டம் மேல்நீரை இழுக்கும் ஸ்கிம்மருக்குக் கீழே போயிருக்கும். குமிழ் குமிழாக வந்தால் மூடியின் ரப்பர் வளையத்திலோ உறிஞ்சு குழாய் இணைப்பிலோ காற்று நுழைகிறது.

முள் சரியாக இருந்தும் தெளியவில்லையா? வால்வு ஃபில்டரைத் தொடாமல் சுற்றும் நிலையில் இருக்கிறதா என்று பாருங்கள். அதுவும் சரியென்றால் மோட்டாரை நிறுத்தி, அழுத்தத்தை இறக்கி, மேல்மூடியைத் திறந்து மணலைக் கையால் கிளறுங்கள். உப்புத் தண்ணீரில் மணல் சுண்ணாம்பேறிக் கட்டியாகும். நீர் கட்டிகளுக்கு நடுவே வழி போட்டு ஓடிவிடும். கட்டி தட்டிய மணலையும், ஐந்து முதல் ஏழு ஆண்டு ஆன மணலையும் மாற்றிவிடுங்கள்.

குளத்துக்குள் மணல் வந்து விழுந்தால் ஃபில்டருக்கு அடியிலுள்ள சல்லடைக் குழாய் உடைந்திருக்கிறது. ஃபில்டர் நிலையில் இருக்கும்போதே கழிவுக் குழாயில் நீர் சொட்டினால் வால்வுக்குள் இருக்கும் கேஸ்கட் தேய்ந்திருக்கிறது.

பேக்வாஷுக்கு ஒரே ஒழுங்கு: மோட்டாரை நிறுத்துங்கள், பிறகு கைப்பிடியைத் திருப்புங்கள். மோட்டார் ஓடும்போது திருப்பினால் கேஸ்கட் போகும். பார்வைக் கண்ணாடியில் நீர் தெளியும் வரை, இரண்டு மூன்று நிமிடம் ஓட்டுங்கள். நிறுத்தி, ரின்ஸ் நிலையில் அரை நிமிடம் ஓட்டுங்கள். மறுபடி நிறுத்தி, ஃபில்டருக்கு மாற்றுங்கள். ரின்ஸ் செய்ய மறந்தால் கிளம்பிய அழுக்கு முழுவதும் குளத்துக்கே திரும்பும். வெளியே வரும் அந்த 500 லிட்டரைச் சாக்கடையிலோ கிணற்றோரத்திலோ விடாமல் தொட்டியில் ஓரிரு நாள் வெயில் காட்டி, குளோரின் போனபின் தென்னைக்கு விடுங்கள்.

மோட்டார் நேரமும் முக்கியம். நாம் சொன்ன குளத்துக்கு ஆறு மணி நேரம் ஓட்டினால் 60,000 லிட்டர் ஃபில்டர் வழியே போன கணக்கு வரும். ஆனால் தெளிந்தது கலங்கியதோடு கலந்துகொண்டே இருப்பதால், மூன்றில் ஒரு பங்குக்கு மேலான நீர் அதுவரை ஃபில்டரைத் தொட்டிருக்காது. கலங்கிய குளத்துக்கு இரவு பகலாக ஓட்டம் வேண்டும்.

அப்படியும் மிதக்கும் துகளுக்குப் படிகாரம் உண்டு. 10 கிராம் படிகாரத்தை ஒரு லிட்டர் நீரில் கரையுங்கள். அதில் 10 மில்லியை 10 லிட்டர் குளத்து நீர் உள்ள வாளியில் விட்டுக் கலக்கிவிட்டு வையுங்கள். திரிதிரியாகச் சேர்ந்து அடியில் படிந்தால் 60,000 லிட்டர் குளத்துக்கு 600 கிராம் போதும். படியாவிட்டால் வாளியிலேயே அளவைக் கூட்டிப் பாருங்கள். குளத்தில் கலந்தபின் இரவு முழுதும் மோட்டாரை நிறுத்தி வையுங்கள். காலையில் அடிவண்டலை மெதுவாக உறிஞ்சி நேரே கழிவுக்கு அனுப்புங்கள். பி.எச். இறங்கியிருக்கும், பார்த்துச் சரிசெய்யுங்கள்.

தண்ணீரை மாற்றியே ஆக வேண்டிய நிலையும் உண்டு. குளோரின் மாத்திரையை நெடுநாள் போட்டுவந்தால் சயனூரிக் அமிலம் சேர்ந்து குளோரினின் வேகத்தை அடக்கிவிடும். அப்போதும் ஒரு பகுதியை மாற்றினால் போதும். முழுக் குளத்தையும் கொட்ட வேண்டாம்.

குளத்தில் வேலை செய்யும் தம்பிகளின் உயிரும் எங்களுக்கு முக்கியம். ஆசிட்டையும் பிளீச்சிங் பவுடரையும் ஒரே வாளியில் சேர்த்தால் நச்சு வாயு கிளம்பும். இரண்டு வகைக் குளோரினைக் கலந்தால் தீப்பிடிக்கலாம். ஆசிட்டை எப்போதும் தண்ணீருக்குள் ஊற்ற வேண்டும்; ஆசிட்டுக்குள் தண்ணீர் ஊற்றக் கூடாது. கையுறையும் கண்ணாடியும் முகமூடியும் முதலாளி வாங்கித் தர வேண்டியவை.

இனி பிள்ளைகள். கலங்கிய நீரில் மூழ்கும் குழந்தை சத்தமிடாது. மேலிருந்து பார்ப்பவருக்குத் தெரியவும் தெரியாது. ஆழமான பகுதியின் அடியிலுள்ள வடிகால் மூடி கரையிலிருந்து தெரியவில்லை என்றால் அன்றைக்குக் குளத்தைப் பூட்டுங்கள். 2024 மே முதல் ஜூலை வரை கேரளத்தில் அமீபா மூளைக்காய்ச்சலால் சிறார் மூவர் இறந்ததை நாம் மறக்கக் கூடாது. அது அரிதான நோய். மூக்கில் ஏறும் நீரால் வருவது. முறையாகக் குளோரின் போட்ட குளம் அதற்கு இடம் தராது.

எனவே கேட்கிறோம். குளம் வைத்திருப்போரே, டெஸ்ட் கிட்டும் ஒரு நோட்டும் வாங்கி, பி.எச்., குளோரின், கேஜ் மூன்றையும் காலை மாலை எழுதி, எல்லோர் கண்ணிலும் படும்படி மாட்டுங்கள். பள்ளி நிர்வாகிகளே, ஃபில்டர் பார்க்கும் ஊழியருக்குப் பயிற்சி தந்து, குளத்தை மூடச் சொல்லும் உரிமையையும் அவரிடம் கொடுங்கள். பெற்றோரே, கட்டணம் கேட்பதற்கு முன் அந்த நோட்டைக் கேளுங்கள். உள்ளாட்சி, சுகாதாரத் துறை அதிகாரிகளே, கோடைக்கு முன் ஒருமுறை எல்லாக் குளங்களுக்கும் நேரில் வாருங்கள்.

எந்தப் பள்ளி அழைத்தாலும் எங்கள் தொழிலாளர்கள் கூலி வாங்காமல் வந்து, வால்வைத் திருப்பவும் கேஜைப் படிக்கவும் சொல்லித் தருவார்கள். இந்தக் கோடையில் கலங்கிய குளத்துக்காகப் பல்லடத்தில் ஒரு லாரித் தண்ணீர்கூட வீணாகக் கூடாது. ஒரு பிள்ளைக்கும் ஆபத்து வரக் கூடாது. உங்கள் கை சேர்ந்தால் இரண்டும் நடக்கும்.

இப்படிக்கு,
பல்லடம் வட்டாரப் பெற்றோர், நீச்சல் பயிற்றுநர்கள், நீச்சல் குளப் பராமரிப்புத் தொழிலாளர்கள்