அலாரம் அடித்தால் யார் வருவார்?

மருத்துவமனையிலிருந்து வீடு திரும்பும் முதியவர்களின் பிள்ளைகள் அண்மைக்காலமாக எங்களிடம் ஒரு புதிய கேள்வியைக் கேட்கிறார்கள். மருந்து, உணவு, உடற்பயிற்சி ஆகியவற்றைப் பற்றிக் கேட்டு முடித்தபின், "வீட்டில் ஸ்மார்ட் கருவிகள் பொருத்தலாமா டாக்டர்? எவற்றை வாங்கலாம்?" என்கிறார்கள். கேட்பவர்களில் பலர் வெளியூரிலோ வெளிநாட்டிலோ பணிபுரிபவர்கள். தாயோ தந்தையோ தனியே இருக்கும் வீட்டைத் தொலைவிலிருந்தே பார்த்துக்கொள்ளலாம் என்ற எதிர்பார்ப்பு அந்தக் கேள்விக்குள் இருக்கிறது.

அந்த எதிர்பார்ப்பில் பாதி நியாயமானது. மறுபாதி ஆபத்தானது என்பது எங்கள் கருத்து. தானியங்கி வீடு செய்தி சொல்லும். சில வேலைகளைச் செய்யும். ஆனால் விழுந்தவரைத் தூக்காது. எனவே செய்தி வந்தவுடன் யார் எழுந்து செல்வார் என்பதைக் குடும்பம் முதலில் முடிவு செய்ய வேண்டும். கருவி வாங்குவது அதற்குப் பிந்திய வேலை.

கருவிகள் இயங்கும் விதம்

வீட்டுத் தானியக்கம் நேற்று வந்த புதுமை அன்று. வீட்டு மின்கம்பி வழியாகவே சைகை அனுப்பி விளக்குகளை இயக்கும் எக்ஸ்-10 முறை 1975-இல் ஸ்காட்லாந்தில் உருவாக்கப்பட்டது. இன்றைய கருவிகளும் அதே மூன்று படிகளில்தான் இயங்குகின்றன: ஒன்று உணர்கிறது, ஒன்று முடிவெடுக்கிறது, ஒன்று செயல்படுகிறது. நடமாட்டச் சென்சார் உடல் வெப்பத்தின் அசைவை உணர்கிறது. கதவுச் சென்சார் ஒரு காந்தத்தின் விலகலை உணர்கிறது. அதன் பின் விளக்கு எரிகிறது, அல்லது மகளின் கைப்பேசிக்குச் செய்தி போகிறது.

இவற்றுள் நடுப்படியைத்தான் வாங்குபவர்கள் கவனிப்பதில்லை. முடிவெடுப்பது வீட்டுக்குள் இருக்கும் பெட்டியா, எங்கோ இருக்கும் நிறுவனத்தின் கணினியா? இரண்டாவது என்றால், இணையம் நின்றவுடன் வீட்டின் அறிவும் நின்றுவிடும். நிறுவனம் தன் சேவையை நிறுத்தினால் கருவியே பயனற்றதாகிவிடும். அமெரிக்காவில் ரிவால்வ் என்ற கட்டுப்பாட்டுப் பெட்டியை வாங்கியவர்களுக்கு 2016-இல் நேர்ந்தது இதுவே. ஆகவே கடையில் கேட்க வேண்டிய முதல் கேள்வி, "இணையம் இல்லாதபோது இது வேலை செய்யுமா?" என்பதுதான். 2022-இல் வெளியான மேட்டர் என்னும் பொதுத் தரத்தை ஏற்ற கருவிகள், வெவ்வேறு நிறுவனத்தாருடையவையாயினும் வீட்டுக்குள்ளேயே ஒன்றோடொன்று இணைந்து இயங்கக்கூடியவை. அதையும் விசாரித்துக்கொள்வது நல்லது.

பயனுள்ளவை எவை?

எங்கள் பட்டியல் சிறியது. முதலிடம் இரவு விளக்குக்கு. முதியவர்கள் இரவில் சிறுநீர் கழிக்க எழும்போது விழுவது மிகுதி. படுக்கையிலிருந்து திடீரென எழுகையில் இரத்த அழுத்தம் தாழ்கிறது. இருளில் கால் தடுமாறுகிறது. கட்டிலுக்கு அடியிலும் கழிவறை செல்லும் வழியிலும், கால் தரையில் பட்டவுடன் தாழ்வாக எரியும் மெல்லிய விளக்குகள் போதும். இதற்கு இணையமோ செயலியோ தேவையில்லை. மின்கலத்தில் இயங்கும் எளிய நடமாட்ட விளக்கே செய்துவிடும்.

இரண்டாவது அழைப்புப் பொத்தான். விழுந்தபின் எழ முடியாமல் ஒரு மணி நேரத்துக்கும் மேலாகத் தரையிலேயே கிடந்தவர்களை நாங்கள் பார்த்திருக்கிறோம். எலும்பு முறியாவிட்டாலும், நெடுநேரம் அழுத்தப்பட்ட தசைகள் சிதைந்து, அதன் கழிவுகள் சிறுநீரகத்தைப் பாதிக்கக்கூடும். பொத்தான் கழுத்திலோ மணிக்கட்டிலோ இருக்க வேண்டும். நீர் புகாததாக, குளியலறைக்குள்ளும் அணியத்தக்கதாக இருக்க வேண்டும். குரலுக்குப் பதில் சொல்லும் கருவியை மட்டும் நம்புவது சரியன்று. பக்கவாதத்தால் பேச்சுக் குழறுபவர், பார்க்கின்சன் நோயால் குரல் தாழ்ந்தவர் ஆகியோரின் சொல் அதற்குப் புரியாமல் போகலாம். மேலும் இத்தகைய கருவிகள் பலவற்றால் அவசர எண்களை நேரடியாக அழைக்க முடியாது.

மூன்றாவது, இன்சுலின் வைக்கும் குளிர்பெட்டிக்கு ஒரு வெப்பமானி. திறக்காத இன்சுலினை 2 முதல் 8 டிகிரி செல்சியஸ் வெப்பநிலையில் வைக்க வேண்டும். உறைந்த இன்சுலினைப் பயன்படுத்தக் கூடாது. நீண்ட மின்வெட்டுக்குப் பின் குளிர்பெட்டியின் உள்ளே வெப்பம் எவ்வளவு ஏறியது என்பதைப் பதிந்து காட்டும் சிறு கருவி, விலைக்கு மேல் பயன் தரும்.

நான்காவது எரிவாயுக் கசிவை அறியும் கருவி. மறதி நோய் தொடங்கியவர் இருக்கும் வீட்டில் இது அவசியம் என்போம். சிலிண்டர் எரிவாயு காற்றைவிடக் கனமானது; தரையோடு தேங்கும். ஆகவே கருவியைத் தரைக்கு அருகில் பொருத்த வேண்டும். குழாய்வழி இயற்கை எரிவாயுவோ இலேசானது. அதற்குரிய கருவி கூரைக்கு அருகில் இருக்க வேண்டும். இங்கே தானியக்கம் தன் எல்லையை மீறக் கூடாது. கசிவு நேர்ந்தபோது எந்த சுவிட்சையும் போடவோ அணைக்கவோ கூடாது. சிறு தீப்பொறியே போதும். அவ்வாறிருக்க, கசிவை உணர்ந்தவுடன் புகைபோக்கி விசிறியைத் தானே ஓட்டும் ஏற்பாடும், ஆள் நுழைந்தவுடன் சமையலறை விளக்கைத் தானே எரியவிடும் ஏற்பாடும் பாதுகாப்பு அல்ல. சன்னல்களைத் திறந்து, சிலிண்டரை மூடி, வெளியேறி, 1906 என்ற உதவி எண்ணை அழைப்பதே முறை.

தானியக்கம் நுழையக் கூடாத இடங்கள்

ஆக்சிஜன் செறிவூட்டி, சுவாச உதவிக் கருவி, காற்று மெத்தையின் பம்ப் ஆகியவற்றை ஸ்மார்ட் பிளக் வழியாக இணைக்கவே கூடாது. செயலியில் தவறுதலாக விரல் பட்டாலும், நேரக் கட்டளை மாறினாலும் கருவி நின்றுவிடும். அவை நேரடி மின்னிணைப்பிலேயே இருக்கட்டும். செறிவூட்டி உள்ள வீட்டில் மாற்றாக ஒரு சிலிண்டரும் இருக்கட்டும். கீசருக்கும் ஒரு சொல்: 2,000 வாட் கீசர் ஏறத்தாழ 9 ஆம்பியர் மின்சாரத்தை இழுக்கும். 6 ஆம்பியர் பிளக்கில் அதை இணைத்தால் பிளக் சூடேறி உருகக்கூடும்.

சுவர் சுவிட்சை ஒருபோதும் செயலற்றதாக்கக் கூடாது. ஸ்மார்ட் பல்பு வாங்கிய வீடுகளில் இது அன்றாடப் பூசல். பல்பு செயலிக்குக் கட்டுப்பட வேண்டுமானால் சுவிட்ச் எப்போதும் போட்டபடி இருக்க வேண்டும். பாட்டியோ ஐம்பது ஆண்டுப் பழக்கத்தில் உறங்கப்போகும்முன் அதை அணைத்துவிடுகிறார். தவறு பாட்டியிடம் இல்லை. பல்பை மாற்றுவதற்குப் பதிலாக, சுவிட்சுப் பெட்டிக்குள் சிறு கருவியை எலக்ட்ரீஷியனைக் கொண்டு பொருத்தினால், பழைய சுவிட்சும் வேலை செய்யும், செயலியும் வேலை செய்யும். முதியவரின் கைப்பழக்கத்துக்கு வீடு இணங்க வேண்டுமேயன்றி, வீட்டுக்கு முதியவர் இணங்க வேண்டியதில்லை.

கேமராவைப் பற்றி எங்களுக்குத் தெளிவான நிலைப்பாடு உண்டு. படுக்கையறையிலும் குளியலறையிலும் கேமரா வேண்டாம். அம்மா எழுந்துவிட்டாரா என்பதை அறிய அறைக்கதவில் ஒரு சென்சார் போதும். அவர் உடை மாற்றுவதை யாரும் பார்க்க வேண்டியதில்லை. கூடத்தில் கேமரா வைப்பதாயின், அவரிடம் கேட்டு, அவர் சம்மதித்த பின்னரே வைக்க வேண்டும். பணிவிடை செய்ய வரும் பெண்ணிடமும் சொல்லிவிட வேண்டும். நோயுற்றதால் ஒருவர் தன் வீட்டின் மீதான உரிமையை இழந்துவிடுவதில்லை.

கதவைத் திறப்பவர் யார்?

தீவிர சிகிச்சைப் பிரிவில் பணிபுரிவோர்க்கு ஒரு தொல்லை நன்கு தெரியும். தேவையற்ற அலாரங்கள் ஓயாமல் ஒலித்தால், தேவையான அலாரமும் காதில் விழாமல் போகும். வீட்டிலும் அப்படியே. ஒவ்வொரு நடமாட்டத்துக்கும் செய்தி வரும்படி அமைத்த மகன், பத்தாம் நாள் கைப்பேசியின் ஒலியை அடக்கிவிடுகிறார். பொத்தான் அழுத்தப்பட்டது, எரிவாயு கசிந்தது, வழக்கமான நேரத்தைத் தாண்டியும் அறைக்கதவு திறக்கவில்லை: இம்மூன்றுக்கு மட்டும் ஒலி வரட்டும்.

செய்தி வந்தபின் செல்ல வேண்டியவர்கள் மூவரின் பெயர்களை வரிசையாக எழுதி, அவர்களிடமும் சொல்லி வையுங்கள். பத்து நிமிடத்தில் நடந்து வரக்கூடியவர் முதலில் இருக்க வேண்டும். அமெரிக்காவிலிருக்கும் மகன் அந்த வரிசையில் முதல்வராக இருக்க முடியாது. எதிர்வீட்டு அக்காவோ, கீழ்த்தளத்து அண்ணனோ, தெருமுனையில் குடியிருக்கும் சித்தப்பாவோ அந்த இடத்துக்கு உரியவர். அவரிடம் ஒரு மாற்றுச் சாவி இருக்கட்டும். தொலைவிலிருந்தே திறக்கும் மின்னணுப் பூட்டை நம்பியிருக்கும் குடும்பங்கள் ஒன்றை மறந்துவிடுகின்றன: நம் வீட்டுப் பெரியவர்கள் இரவில் உள்தாழ்ப்பாள் போட்டுவிட்டே படுப்பார்கள். உள்ளே தாழ்ப்பாள் இருக்கும்வரை எந்தச் செயலியாலும் அந்தக் கதவைத் திறக்க முடியாது. அவருடைய அச்சத்தை மதித்து, வெளியிலிருந்தும் சாவியால் திறக்கக்கூடிய பூட்டுக்கு அவரை மெல்ல இணங்கச் செய்யுங்கள். குளியலறைத் தாழ்ப்பாளையும் அவ்வாறே மாற்றுங்கள்.

ரூட்டருக்கு இன்வெர்ட்டர் இணைப்புக் கொடுத்தாயிற்றா, மின்கலங்கள் எப்போது மாற்றப்பட்டன என்பனவும் வீட்டில் ஒருவர் பொறுப்பில் இருக்க வேண்டும். எல்லாம் அமைந்தபின், முன்னறிவிப்பின்றி ஓர் இரவு பொத்தானை அழுத்திப் பாருங்கள். மனிதர் ஒருவர் அறைக்குள் வந்து நிற்க எத்தனை நிமிடம் ஆயிற்று என்று குறித்துக்கொள்ளுங்கள். அந்த எண்ணை அடுத்த பரிசோதனைக்கு வரும்போது எங்களிடம் சொல்லுங்கள். இரத்த அழுத்த அளவைப் போலவே அதையும் நாங்கள் கேட்க விரும்புகிறோம். கூடுதலாக இருந்தால், அதைக் குறைக்கும் வழியைச் சேர்ந்து சிந்திப்போம்.