டென்டுக்குள் ஒரு சிபாப்

கலிஃபோர்னியாவின் யோசெமிட்டி தேசியப் பூங்காவில் டென்ட் போட இடம் உண்டு, பிளக் போட இடம் கிடையாது. அங்குள்ள முகாம் தளங்கள் எதிலும் மின் இணைப்பு இல்லை. தூக்கத்தில் மூச்சு அடைபடும் ஸ்லீப் ஆப்னியாவுக்காக இரவெல்லாம் சிபாப் கருவியை மாட்டிக்கொண்டு படுப்பவர், அங்கே போவதென்று முடிவானதும் கேட்பது 'எவ்வளவு பெரிய பேட்டரி வாங்கணும்?' என்றுதான். கடைக்காரருக்கு இனிக்கும் கேள்வி. கருவிக்குள் மின்சாரத்தைக் குடிப்பது எது என்று முதலில் பார்த்தால், வாங்க வேண்டிய பேட்டரி பாதிக்கும் கீழே சுருங்கிவிடும். சிட்னி மருத்துவர் காலின் சல்லிவன் 1981இல் உலகுக்குக் காட்டிய சிகிச்சை, மூக்கு வழியே விடாமல் காற்றழுத்தம் கொடுத்துத் தொண்டை ஒட்டிக்கொள்ளாமல் காப்பது; அவ்வளவே. அதைச் செய்யும் சின்ன விசிறிக்கு, நடுத்தர அழுத்தத்தில், சுமார் 10 வாட் போதும். கருவியின் ஈரப்பதமூட்டியில் தண்ணீரைச் சுடவைக்கும் தட்டும், குழாய்க்குள் ஓடும் ஹீட்டர் கம்பியும் சேர்ந்தால் 40, 50 வாட்டுக்கு ஏறும். வீட்டு இன்வர்ட்டரில் மின்விசிறி விடிய விடிய ஓடும், கீசர் போட்டால் என்ன ஆகும் என்பது நமக்குத் தெரியாததா? எட்டு மணி நேரத் தூக்கத்துக்கு ஹீட்டர் இல்லாமல் 80 வாட்-அவர். ஹீட்டரோடு 400ஐத் தொடலாம். மூன்று இரவுக்கு முதல் கணக்கு 240, ஒற்றைக் கையில் தூக்கும் லித்தியம் பெட்டியில் அடங்கிவிடும். இரண்டாவது 1,000ஐத் தாண்டும். 12 வோல்ட், 100 ஆம்பியர்-அவர் லெட்-ஆசிட் பேட்டரியின் 1,200 வாட்-அவர்கூட அதற்குப் பற்றாது. பாதிக்கு மேல் இறக்கினால் அதன் ஆயுள் குறையும். எடையோ 30 கிலோவை ஒட்டி வரும். இன்வர்ட்டரையும் தவிர்ப்பது நல்லது. பேட்டரியின் டிசியை ஏசியாக்கி, அடாப்டர் அதை மறுபடி டிசியாக்குவதில் மின்சாரம் வீணாகிறது. தயாரிப்பாளரே விற்கும் டிசி கேபிளை வாங்கலாம். சில கருவிகளுக்கு 12 வோல்ட், சிலவற்றுக்கு 24 என்பதை மட்டும் பார்த்து வாங்க வேண்டும்.

ஹீட்டரை அணைத்தால் மூக்கு வறண்டுபோகும் என்பார்கள். நியாயமான பேச்சு. சூடு இல்லாவிட்டாலும் தொட்டித் தண்ணீரின் மேல் தவழ்ந்து வரும் காற்று ஓரளவு ஈரத்தோடுதான் வரும். பலருக்கு அது போதும். அதுவும் தாங்காமல் நடுராத்திரியில் மாஸ்க்கைக் கழற்றி எறிபவர், யோசிக்காமல் பெரிய பேட்டரியே வாங்கட்டும். 'ரெண்டு ராத்திரிதானே, கருவி இல்லாமல் படுத்தால் என்ன?' என்பதை மட்டும் ஏற்க முடியாது. கழற்றிய முதல் இரவே அடைப்பு திரும்பும்; தூக்கம் கெட்ட அதே ஆள்தான் மறுநாள் மலைச்சாலையில் ஸ்டியரிங் பிடிக்கப்போகிறார். ஜெனரேட்டரா? யோசெமிட்டியில் காலை 7 முதல் 9, பகல் 12 முதல் 2, மாலை 5 முதல் 7 வரைதான் அனுமதி. அந்த நேரத்தில் பேட்டரியை சார்ஜ் ஏற்றிக்கொள்ளலாம், தூங்கும் நேரத்துக்கு உதவாது. கார் பேட்டரியில் இரவு முழுக்க ஓட்டினால் காலையில் கார் கிளம்பாமல் போகலாம். சோலார் தகடு நல்லதுதான், ஆனால் உயரமான மரங்களின் நிழலில் 100 வாட் தகடு பெயருக்குத்தான் 100 வாட். வெயில் கிடைத்தாலும், யோசெமிட்டியின் 8,600 அடி உயரத்துத் துவாலுமி மெடோஸில் உறைபனி விழும் காலையில், பேட்டரி பூஜ்ஜியம் டிகிரிக்குக் கீழே குளிர்ந்திருந்தால் லித்தியம் அயர்ன் பாஸ்பேட் வகைக்கு சார்ஜ் ஏற்றக் கூடாது. ராத்திரி அதை வெளியே விடாமல் டென்டுக்குள்ளேயே வைத்துக்கொள்ள வேண்டும்.