செத்த கிருமி பாடம் நடத்தாது

எங்கள் ஓய்வூதியர் வாட்ஸ்அப் குழுவில் போன வாரம் ஒரு செய்தி சுற்றியது. மலேரியாவுக்குத் தடுப்பூசி என்று சொல்லி, அந்தக் கிருமியையே உயிரோடு உடம்பில் ஏற்றப் போகிறார்களாம். மறுநாள் காலை நடையில் நண்பர் ஒருவர் பிடித்துக்கொண்டார். "கேட்டீங்களா சார் அநியாயத்தை? இல்லாத வியாதிக்கு உசிரோட கிருமியை ஏத்துறானாம்!"

ஒரே வாக்கியத்தில் இரண்டு தப்பு. நடந்துகொண்டே பதில் சொல்ல எனக்கு மூச்சு போதாது. அதனால் இங்கே எழுதுகிறேன்.

முதல் தப்பு, 'உசிரோட' என்ற பயம். நண்பரின் கையில் சின்ன வயதில் அம்மை குத்திய தழும்பு இன்னும் இருக்கிறது. அன்று குத்தியது உயிருள்ள கிருமி. அவர் பேரனுக்குப் பிறந்தவுடன் போட்ட பி.சி.ஜி. உயிருள்ள கிருமி. போலியோ சொட்டு மருந்தும் அப்படித்தான்.

நான் காரைக்காலில் பிரெஞ்சு வழியில் படித்தவன். எங்கள் வாத்தியாருக்கு பாஸ்டர் என்றால் குலதெய்வம் மாதிரி. நாள்பட்டு வலுவிழந்த காலராக் கிருமியைக் கோழிக்குக் குத்தினால், பிறகு வீரியமான கிருமியையும் அந்தக் கோழி தாங்கிக்கொள்ளும் என்று 1880இல் அவர் அறிவித்ததைப் பாடமாகச் சொல்வார். அதே ஆண்டில்தான் அல்ஜீரியாவில் இருந்த பிரெஞ்சு ராணுவ மருத்துவர் லாவெரான், நோயாளியின் ரத்தத்தில் மலேரியாக் கிருமியை முதன்முதலில் பார்த்தார்.

அந்தக் கோழிப் பாடம் நம் பக்கத்துக்கும் வந்தது. 1934இல் மேட்டூர் அணை முடிந்து, புது ஆறு என்று நாம் சொல்லும் கல்லணைக் கால்வாயில் தண்ணீர் ஓடியது. பட்டுக்கோட்டைப் பக்கத்து வானம் பார்த்த பூமி நெல் வயலானது. நெல்லோடு குளிர்காய்ச்சலும் சேர்ந்து வந்தது. அதை ஆராய ராக்ஃபெல்லர் அறக்கட்டளையின் பால் ரஸ்ஸல் என்ற அமெரிக்க மருத்துவர் வந்தார். அவரும் அவரோடு வேலை செய்த நம் ஆட்களும் வாய்க்கால், குட்டை, வயல் என்று அலைந்து கொசுப்புழுக்களை எண்ணினார்கள். பயிர் ஒரு அடி உயரம் வளர்ந்த வயலில் மலேரியாக் கொசு முட்டையிடுவதில்லை என்று கண்டவர்கள் அவர்கள்தான்.

அதே ரஸ்ஸல், முல்லிகன், மோகன் ஆகியோருடன் சேர்ந்து, குன்னூர் பாஸ்டர் நிலையத்தில் கோழிகளை வைத்து ஒரு சோதனை செய்தார். கொசுவின் உமிழ்நீர்ச் சுரப்பியிலிருந்து கோழி மலேரியாக் கிருமியை எடுத்து, புற ஊதாக் கதிரில் செயலிழக்கச் செய்து, கோழிகளுக்குக் குத்தினார்கள். முழுப் பாதுகாப்பு கிடைக்கவில்லை. ஆனால் பல கோழிகளுக்கு நோயின் கடுமை குறைந்தது. 1941இல் அதை வெளியிட்டார்கள். இன்றைக்கு உலகம் பேசும் முழுக்கிருமித் தடுப்பூசிக்கு விதை அதுதான்.

விதை இங்கே, அறுவடை வேறெங்கோ. 1967இல் நியூயார்க்கில் ரூத் நுசென்ஸ்வைக் என்ற பெண் விஞ்ஞானி, எக்ஸ் கதிர் பட்டு வலுவிழந்த கிருமியை எலிகளுக்குக் குத்திப் பாதுகாப்பு தந்தார். கிருமி உயிரோடு ஈரல் வரை போய் அங்கே வளராமல் நின்றால்தான் நல்ல பாதுகாப்பு என்பது பின்னால் தெளிவானது. செத்த கிருமி பாடம் நடத்தாது. 2013இல் அமெரிக்காவில் இந்த வகை ஊசியை ஐந்து தடவை நரம்பில் போட்டுக்கொண்ட ஆறு பேரும் தப்பினார்கள். 2024இல் நெதர்லாந்தின் லைடன் நகரத்தார், மரபணு நீக்கி வலுவிழக்கச் செய்த கிருமியைக் கொசுக்கடி மூலம் கொடுத்ததில் ஒன்பது பேரில் எட்டுப் பேருக்குப் பாதுகாப்பு.

இரண்டாவது தப்பு, 'இல்லாத வியாதி'. இதில் எனக்கும் பங்கு உண்டு.

வேலைக்குச் சேர்ந்த புதிதில், 70களின் தொடக்கத்தில், ஓர் அலுவலகத்தில் மலேரியாக் கோப்பு என் மேசைக்கு வந்தது. வீடு வீடாய்ப் போய் ரத்தம் எடுத்து, சுவரில் தேதி எழுதிவிட்டு வரும் ஊழியர்களின் பணியிடங்கள் பற்றியது. 'நோய் இல்லை, பணியிடங்களை ஒப்படைக்கலாம்' என்று நான்தான் குறிப்பு வைத்தேன். நல்ல குறிப்பு என்று மேலதிகாரி பாராட்டினார். 60களின் நடுவில் நாடு முழுக்க ஒரு லட்சம் அளவுக்குக் குறைந்திருந்த மலேரியா, 1976இல் 64 லட்சமானது. அந்தக் காய்ச்சலில் என் குறிப்பின் பங்கு எவ்வளவு என்று கணக்குப் போட வழியில்லை. போடாமல் இருக்கவும் முடியவில்லை. இலங்கையிலும் இதே கதை: 1963இல் 17 பேர், 1968, 69இல் ஐந்து லட்சத்துக்கும் மேல்.

இன்று தமிழ்நாட்டில் ஆண்டுக்குச் சில நூறு பேருக்குத்தான் மலேரியா. உலகத்திலோ ஆண்டுக்கு ஏறக்குறைய ஆறு லட்சம் சாவு. பெரும்பாலும் ஆப்பிரிக்கக் குழந்தைகள்.

"புனேயிலதான் தடுப்பூசி தயாராகுதே" என்பார் நண்பர். ஆம், ஆர்21. நல்ல ஊசி, பிள்ளைகளைக் காப்பாற்றுகிறது. ஆனால் ஐயாயிரத்துக்கும் மேல் மரபணுக்கள் கொண்ட கிருமியின் ஒரே ஒரு புரதத்தைத்தான் அது உடம்புக்குக் காட்டுகிறது. அதுவும் ஃபால்சிபாரம் என்ற வகைக்கு மட்டும். சென்னையில் அதிகம் காண்பது வைவாக்ஸ். ஈரலில் பதுங்கிக் கிடந்து மாதங்கள் கழித்து மறுபடி எழும்பும். அதற்கு இன்னும் தடுப்பூசி இல்லை.

உயிருள்ள தடுப்பூசியில் சிக்கல் இல்லை என்று நான் சொல்லவில்லை. கிருமியைக் கொசுவிலிருந்து எடுக்கவேண்டும், திரவ நைட்ரஜனில் வைக்கவேண்டும். கென்யாவில் கைக்குழந்தைகளிடம் செய்த சோதனை ஏமாற்றம் தந்தது. வைவாக்ஸை ஆய்வகத்தில் தொடர்ந்து வளர்க்கவே இன்னும் முடியவில்லை. ஆனால் இவையெல்லாம் உழைத்துத் தீர்க்கவேண்டிய சிக்கல்கள், கைவிடுவதற்குச் சாக்கு அல்ல. இந்த நோய் ஏழைகளின் நோய். லாபம் பார்க்கும் கம்பெனி வைவாக்ஸுக்காகக் காத்திருக்காது. அரசாங்கம்தான் செய்யவேண்டும். குன்னூர் நிலையம் இன்றும் இருக்கிறது. 2008இல் அதன் தடுப்பூசி உரிமத்தை நிறுத்திவைத்து, பிறகு திருப்பிக் கொடுத்தார்கள். 1941இல் கோழியை வைத்துத் தொடங்கிய வேலையை அங்கேயே மறுபடி எடுக்கச் சொன்னால் என்ன?

நண்பரே, அந்த வாட்ஸ்அப் செய்தியை இன்னொருவருக்கு அனுப்பாதீர்கள். 'நோய் இல்லை' என்று ஒருமுறை நான் எழுதியது போதும்.