காய்ந்த கிளையும் ஒரு வீடே

கரிய உடல், வெயில் பட்டால் நீலமும் பச்சையுமாக மின்னும் சிறகுகள், ஏறத்தாழ 3 சென்டிமீட்டர் நீளம். சிங்கப்பூரின் பூங்காக்களிலும் சமூகத் தோட்டங்களிலும் ரீங்காரமிட்டுப் பறக்கும் இப்பூச்சியைக் கண்டதும் பலர், “கருவண்டு கொட்டிவிடும்!” என்று விலகி ஓடுகின்றனர். சிலர் பூச்சிமருந்தைத் தேடுகின்றனர். உண்மையில் அது வண்டன்று, தச்சன் தேனீ. அதை அழிப்பது நமக்கு நாமே தீங்கு செய்துகொள்வதாகும் என்பது என் கருத்து.

முதலாவதாக, இத்தேனீயைக் கண்டு அஞ்சத் தேவையில்லை. ஆண் தேனீக்குக் கொடுக்கே கிடையாது. பெண் தேனீயும் தன்னைப் பிடித்தாலோ நசுக்கினாலோ அன்றிப் பெரும்பாலும் கொட்டுவதில்லை. தேன்கூட்டுத் தேனீக்களைப்போல் இது பெருங்கூட்டமாக வாழ்வதும் இல்லை.

இரண்டாவதாக, இதன் உழைப்பு நமக்குப் பயன் தருகிறது. கத்தரிப்பூவின் மகரந்தப் பைகள் நுனியில் உள்ள சிறு துளை வழியாகவே மகரந்தத்தை வெளியிடும். தச்சன் தேனீ பூவை இறுகப் பற்றிக்கொண்டு தன் மார்புத் தசைகளை அதிரச் செய்யும். உப்புக் குப்பியைக் குலுக்கியதுபோல மகரந்தம் உதிரும். தேன்கூட்டுத் தேனீக்களால் இவ்வாறு செய்ய இயலாது.

மூன்றாவதாக, இதன் இனம் விரைவாகப் பெருகுவதில்லை. பெண் தேனீ காய்ந்த கிளையைத் தாடைகளால் குடைந்து கூடு அமைக்கிறது. மகரந்தத்தையும் பூந்தேனையும் உருண்டையாகப் பிசைந்து, அதன்மேல் ஒரு முட்டையிட்டு, மரத்தூளால் தடுப்பு எழுப்புகிறது. இவ்வாறு அறை அறையாக அது இடும் முட்டைகள் மிகச் சிலவே. எனவே, ஒரு கூடு அழிந்தாலும் இழப்பு பெரிது.

“மரப்பந்தலைத் துளைத்துவிடுகிறதே!” என்று சிலர் குறைகூறலாம். அது நியாயமே. ஆனால், சாயம் பூசிய மரத்தை இத்தேனீ அவ்வளவாக நாடுவதில்லை. பூச்சிமருந்து அடிப்பதைவிடச் சாயம் பூசுவதே நல்ல வழி.

நடைபாதைக்கு மேல் தொங்கும் பட்ட கிளையை வெட்டத்தான் வேண்டும். நம் பாதுகாப்பு முக்கியம். எனினும், வெட்டிய கிளைகள் அனைத்தையும் குப்பைக்கு அனுப்புவது தேவைதானா? நம் குடியிருப்புப் பேட்டைகளில் இன்று பல சமூகத் தோட்டங்கள் உள்ளன. ஒவ்வொன்றின் மூலையிலும் காய்ந்த கட்டை ஒன்றை விட்டுவைத்தால் போதும். நம் கண்ணுக்குக் குப்பையாகத் தெரியும் அக்கட்டை, தச்சன் தேனீக்கு வீடாகும். அருகிலுள்ள கத்தரிச்செடியும் காய்த்துக் குலுங்கும்.