ஆவணப்படத் திரையிடல் குறித்து நம் சங்கத்தின் நிலைப்பாடு



யோங் பெங்கில் நம் ஆவணப்படத்தைத் திரையிட முயன்ற மாலையில் நடந்ததை இங்கே மறுபடி விவரிக்கப் போவதில்லை. உங்களில் பலர் அன்று மாலை மண்டப வாசலில் நின்றவர்கள். இடம் தர ஒப்புக்கொண்டவர்கள் கடைசி நேரத்தில் பின்வாங்கினார்கள். தணிக்கைச் சான்றிதழ் உண்டா என்று கேட்டார்கள். இல்லை என்றதும் கதவு திறக்கவில்லை. அவர்கள் மீது வழக்குத் தொடுக்கவோ பெயரை வெளியிடவோ வேண்டாம் என்பது செயற்குழுவில் பெரும்பான்மையோரின் கருத்து. பயந்தவர்களை விட, பயப்பட வைத்ததைப் பற்றிப் பேசுவதே பயன் தரும் என்று கருதுகிறோம். அதற்குப் பிறகு புலனக் (வாட்ஸ்அப்) குழுவில் வந்த சில கடுமையான சொற்கள் சங்கத்தின் கருத்தல்ல. ஆனால் அந்தக் கோபத்தில் நியாயம் இல்லை என்று சொல்ல எங்களால் முடியாது.

அந்தப் படம் என்ன, பெரிய அரசியல் பிரசாரமா? நம் இளைஞர்கள் சுற்றுவட்டாரத் தோட்டங்களில் வாழ்ந்த பெரியவர்களை உட்கார வைத்து எடுத்த பதிவு. லயத்து வாழ்க்கை, பிள்ளைகளை விட்டுப்போன ஆயக்கொட்டகை, பால் மரம் வெட்டிய கைகள், ரப்பரை அழித்துச் செம்பனை நட்டபோது கலைந்துபோன குடும்பங்கள், திருவிழாவில் உறுமி மேளம் அடித்தவர்களின் பேச்சு. நடுவில், ஜப்பான்காரன் காலத்தில் சயாமுக்குப் போன அப்பா திரும்பவே இல்லை என்று ஒரு பாட்டி சொல்லும் பகுதி வருகிறது. இதைப் பார்க்கத்தான் நாம் கூடினோம். இதைப் பார்க்கக்கூடாது என்றுதான் திருப்பி அனுப்பப்பட்டோம்.

சட்டம் என்ன சொல்கிறது என்பதை உறுப்பினர்கள் தெளிவாக அறிய வேண்டும். 2002ஆம் ஆண்டின் திரைப்படத் தணிக்கைச் சட்டம், 6ஆம் பிரிவு. தணிக்கை வாரியத்தின் அங்கீகாரம் பெறாத எந்தப் படத்தையும் காட்டுவது மட்டுமல்ல, தயாரிப்பதும் கைமாற்றுவதும், ஏன், வைத்திருப்பதும் கூடக் குற்றம். குறைந்தது 5,000 ரிங்கிட் முதல் 30,000 ரிங்கிட் வரை அபராதம், அல்லது மூன்றாண்டு வரை சிறை, அல்லது இரண்டும். மத்திய அரசோ மாநில அரசோ ஆதரவு தந்து எடுத்த படங்களுக்கு இந்தக் கட்டுப்பாடு இல்லை. ஆக, நம் பாட்டியின் கதையை அரசுத் துறை ஒன்று எடுத்தால் யாரும் எதுவும் கேட்கமாட்டார்கள். அவருடைய பேரன் எடுத்தால் சிறை வரைக்கும் போகலாம். இந்தச் சட்டத்தை மென்மையாக விமர்சிக்க வேண்டும் என்று குழுவில் சிலர் கேட்டுக்கொண்டார்கள். இதைவிட மென்மையாகச் சொல்ல எங்களுக்குத் தெரியவில்லை.

இது ஏட்டில் மட்டும் இருக்கும் சட்டம், யாரும் கண்டுகொள்ளமாட்டார்கள் என்றும் ஒரு வாதம் வந்தது. அப்படிச் சொல்கிறவர்கள் லீனா ஹென்ட்ரியை மறந்துவிட்டார்கள். 2013 ஜூலை 3ஆம் தேதி, கோலாலம்பூரில் சீனர் அசெம்பிளி மண்டபத்தில் 'நோ ஃபயர் சோன்' படம் திரையிடப்பட்டது. ஈழத்தில் 2009இல் போரின் கடைசி மாதங்களில் நடந்த படுகொலைகளைப் பற்றி கேலம் மெக்ரே எடுத்த ஆவணப்படம் அது. திரையிட்டது கோமாஸ் என்ற மனித உரிமை அமைப்பு. அதைக் காட்ட வேண்டாம் என்று இலங்கைத் தூதரகம் முன்கூட்டியே வற்புறுத்தியிருந்தது. உள்துறை அமைச்சின் அதிகாரிகளும் காவல்துறையும் அரங்குக்குள் வந்தார்கள். பார்க்க வந்தவர்களின் அடையாள அட்டைகளைச் சோதித்தார்கள். ஏற்பாட்டாளர்கள் மூவரைக் கைது செய்தார்கள். அவர்களில், அந்தச் செப்டம்பரில் குற்றம் சாட்டப்பட்டவர் லீனா ஒருவர்தான். இந்தச் சட்டப்பிரிவு அரசியலமைப்புக்கு முரணானது என்று அவர் கூட்டரசு நீதிமன்றம் வரை போனார். 2015இல் அந்த வாதம் தள்ளுபடியானது. 2016 மார்ச்சில் மாஜிஸ்திரேட் நீதிமன்றம் அவரை விடுவித்தது. அரசுத் தரப்பு மேல்முறையீடு செய்தது; அதே ஆண்டு செப்டம்பரில் உயர் நீதிமன்றம் அந்த விடுதலையை ரத்து செய்தது. 2017 பிப்ரவரியில் குற்றவாளி என்று தீர்ப்பு, மார்ச்சில் 10,000 ரிங்கிட் அபராதம்.

ஏறத்தாழ நான்கு ஆண்டுகள். ஒரு பெண் எதற்காக நீதிமன்றப் படியேறிக்கொண்டிருந்தார்? அந்தப் போர் முடிந்த முள்ளிவாய்க்காலில் செத்தவர்களை இந்த நாட்டு மக்கள் கண்ணால் பார்க்கட்டும் என்று நினைத்ததற்காக. திருட்டுப் படங்கள் சந்தையில் குவியலாக விற்ற காலம் அது. தமிழனின் சாவைக் காட்டிய படத்துக்குத்தான் அத்தனை அதிகாரிகள் வந்தார்கள். மண்டபக்காரர்கள் நம்மிடம் கேட்ட கேள்வி அங்கிருந்துதான் கிளம்பி வருகிறது. ஒருவரைத் தண்டித்தால் போதும், ஊர் ஊராக மண்டபங்கள் தாமாகவே மூடிக்கொள்ளும்.

நமக்கு மட்டும்தான் இந்தக் கதி என்றும் யாரும் எண்ண வேண்டாம். அமீர் முகமதுவின் 'லெலாக்கி கொமுனிஸ் தெராக்கிர்' ஆவணப்படத்தைத் தணிக்கை வாரியம் அனுமதித்தது. ஆனால் 2006 மே மாதம் உள்துறை அமைச்சு அதைத் தடை செய்தது. மலாயா கம்யூனிஸ்டுக் கட்சித் தலைவர் சின் பெங்கின் வாழ்க்கையிலிருந்து பிறந்த அந்தப் படத்தில் அவர் ஒரு காட்சியிலும் வருவதில்லை. அவர் வாழ்ந்து கடந்த ஊர்களில் உழைக்கும் சாதாரண மக்கள்தான் பேசுகிறார்கள். தென் தாய்லாந்தில் வாழ்ந்த மலாய் முன்னாள் கம்யூனிஸ்டுகளைப் பற்றி அமீர் அடுத்து எடுத்த படத்துக்கும் தடை. தன் தாத்தாவைத் தேடிப் போன லாவ் கெக் ஹுவாட்டின் 'ஆப்சென்ட் வித்தவுட் லீவ்' படத்துக்கும் தடை. யோங் பெங்கில் நம் சீன அண்டை வீட்டாரின் குடும்பங்களைக் கேட்டுப் பாருங்கள். அவசரகாலத்தில் பிரிட்டிஷார் கொண்டுவந்த பிரிக்ஸ் திட்டத்தின்படி 1950க்குப் பின் முள்வேலிக்குள் குடியமர்த்தப்பட்டவர்கள் நாடு முழுக்க ஏறத்தாழ 5 லட்சம் பேர். அந்தப் புதுக்கிராமத்துப் பிள்ளைகளும் நம்மைப் போலவே தாத்தா கதையைத் திரையில் பார்க்க முடியாதவர்கள்தான். 1949 மே 4ஆம் தேதி புடு சிறையில் தூக்கிலிடப்பட்ட தொழிற்சங்கத் தலைவர் எஸ். ஏ. கணபதியைப் பற்றி நம் பிள்ளைகள் நாளை படமெடுத்தால், அதற்குச் சான்றிதழ் கிடைக்குமா?

பாட்டி சொல்லும் சயாம் ரயில் பகுதியை மட்டும் வெட்டிவிட்டால் சிக்கல் தீரும் என்று நல்லெண்ணத்தோடு யோசனை சொன்னவர்களுக்கும் பதில் சொல்ல வேண்டியிருக்கிறது. போர்க்காலத்தில் ஜப்பானியர் சயாமிலிருந்து பர்மாவுக்குப் போட்ட 415 கிலோமீட்டர் பாதை அது. ஆசியத் தொழிலாளர்கள் குறைந்தது 1,80,000 பேர் அதில் வேலை செய்ததாக மதிப்பிடுகிறார்கள்; மலாயாத் தோட்டங்களிலிருந்து பிடித்துச் செல்லப்பட்ட தமிழர்கள் அதில் பெருங்கூட்டம். மாண்டவர்கள் பல்லாயிரம். போர்க்கைதிகளாக இறந்த வெள்ளையர்களுக்குக் காஞ்சனபுரியில் பெயர் பொறித்த கல்லறைகள் வரிசையாக இருக்கின்றன. நம்மவர்களுக்குப் பெயர்ப் பட்டியல்கூட இல்லை. 1957இல் வந்து 7 ஆஸ்கார் வாங்கிய 'தி பிரிட்ஜ் ஆன் தி ரிவர் குவாய்' படத்தில் நம் தோட்டத் தொழிலாளர்களின் கதை கிடையாது. இலக்கியத்தில் ஆர். சண்முகமும் அ. ரெங்கசாமியும் எழுதியதால் கொஞ்சம் மிஞ்சியது. மிச்சம் இருப்பது பெரியவர்களின் வாய்ச்சொல்தான். அதையும் நாமே கத்தரிக்க வேண்டுமாம். கத்தரிக்கமாட்டோம்.

இன நல்லிணக்கம் கெடும் என்ற அச்சத்தை நாங்கள் அலட்சியப்படுத்தவில்லை. ஆனால் இந்தப் படத்தில் யாரையும் இழித்துப் பேசும் ஒரு வரியும் இல்லை.  படமெடுக்க உரிமம் வேண்டாமா என்று கேட்டவர்களுக்கு: 2020இல் சமூக ஊடகக் காணொளிக்கும் ஃபினாஸ் (தேசியத் திரைப்பட மேம்பாட்டுக் கழகம்) உரிமம் வேண்டும் என்ற பேச்சு எழுந்து, எதிர்ப்புக்குப் பின் அரசே பின்வாங்கியதை நினைவூட்டுகிறோம்.

ஆகவே சங்கத்தின் நிலைப்பாடு இது. சமூக மண்டபங்களில் கட்டணமின்றித் திரையிடப்படும் ஆவணப்படங்களுக்கு 6ஆம் பிரிவிலிருந்து விலக்கு அளிக்க வேண்டும். அங்கீகாரம் பெறாத படத்தை வைத்திருப்பதைக் குற்றமாக்கும் விதியை நீக்க வேண்டும். நம் தொகுதியின் நாடாளுமன்ற உறுப்பினரும் மாநிலச் சட்டமன்ற உறுப்பினரும், எந்தக் கட்சியினராக இருந்தாலும், இதைப் பற்றித் தம் கருத்தைப் பகிரங்கமாகச் சொல்ல வேண்டும். தேர்தல் காலத்தில் நம் மண்டபம் தேடி வருகிறவர்கள் இதற்கும் வரட்டும்.

இப்போதைக்கு, எதிர்ப்பைப் பதிவு செய்துகொண்டே, இந்தப் படத்துக்கு அங்கீகாரம் கேட்டு விண்ணப்பிப்பது என்று செயற்குழு முடிவு செய்துள்ளது. இம்முடிவில் எல்லாருக்கும் உடன்பாடு இல்லை. விண்ணப்பிப்பதே அடிபணிவது என்று வாதிட்டவர்களின் கருத்து கூட்டக் குறிப்பில் முழுமையாகச் சேர்க்கப்பட்டிருக்கிறது. ஆனால் ஒன்றில் ஒருமனது: வெட்டச் சொன்னால் வெட்டாமல் மேல்முறையீடு செய்வோம், மறுத்தால், மறுத்த கடிதத்தை எல்லாரும் படிக்கும்படி வெளியிடுவோம்.

உறுப்பினர்களுக்கு ஒரு வேண்டுகோள். உங்கள் வீட்டில், உங்கள் தோட்டத்தில், எண்பது கடந்த பெரியவர்கள் இருந்தால் அவர்கள் சம்மதத்தோடு செயலாளரிடம் பெயர் கொடுங்கள். பழைய புகைப்படம், சம்பளச் சீட்டு, கப்பல் சீட்டு எது கிடைத்தாலும் தூக்கிப் போட்டுவிடாதீர்கள். பதிவு வேலை ஒரு நாளும் நிற்காது. திரையிடும் நாள் உறுதியானதும் அறிவிப்போம். அன்று பெரியவர்களையும் பிள்ளைகளையும் கூட்டிக்கொண்டு வாருங்கள்.