ராஜாவுக்கு எதற்கு ஜாமீன்?

ஆண்டிபட்டி பஸ் ஸ்டாண்ட் பக்கத்து டீக்கடையில் உட்கார்ந்துகொண்டு இளையராஜாவைக் குறை சொன்னால் என்ன ஆகும்? டீ வராது. எனக்கு வரவில்லை.

இத்தனைக்கும் நான் சொன்னது ஒரே வரிதான். "'சிந்து பைரவி' கொஞ்சம் ஓவராத் தூக்கி வெச்ச ஆல்பம்ணே!"

கடைக்கார அண்ணன் வடிகட்டியை அப்படியே கீழே வைத்தார். "ஏப்பா, நேஷனல் அவார்டு வாங்குன பாட்டுகப்பா அது. டெல்லிக்காரனைவிட நீ பெரிய ஆளா?" பக்கத்தில் இருந்த வாத்தியார், "சரி, 'ஹவ் டு நேம் இட்' கேட்டிருக்கீங்களா?" என்று அடுத்த அஸ்திரத்தை எடுத்தார். மூன்றாவது ஆசாமி, தினத்தந்தியிலிருந்து தலையை நிமிர்த்தாமலே, "திருவாசகம்" என்றார். தீர்ப்பு சொன்ன மாதிரி.

அவர்கள் கோபம் எனக்குப் புரிகிறது. இங்கிருந்து தேனி, சின்னமனூர், உத்தமபாளையம், கோம்பை தாண்டினால் பண்ணைப்புரம். ராஜா இங்கே இசையமைப்பாளர் இல்லை, சொந்தக்காரர். ஆனால், சொந்தக்காரரைப் பற்றித்தான் உண்மையைப் பேச வேண்டும்.

அவர்கள் சொன்ன மூன்று ஆல்பங்களையும் மறுபடி பாருங்கள். மூன்றிலும் ராஜாவுக்குப் பக்கத்தில் ஒரு பெரிய மனிதர் நிற்கிறார். 'சிந்து பைரவி'யில் தியாகராஜர். 'ஹவ் டு நேம் இட்'டில் தியாகராஜரோடு ஜெர்மனியிலிருந்து பாக். 'திருவாசக'த்தில் மாணிக்கவாசகரும், கூடவே புடாபெஸ்ட் ஆர்கெஸ்ட்ராவும். பேங்க்கில் லோன் கேட்டால் ஜாமீன் கையெழுத்துக்கு ஆள் கூட்டிவரச் சொல்வார்கள் இல்லையா, அந்த மாதிரி!

ஜாமீன் கேட்டது ராஜா இல்லை. நாம்தான்.

1985-ஐ எடுத்துக்கொள்ளுங்கள். அந்த வருஷம் 'சிந்து பைரவி'யும் வந்தது, 'முதல் மரியாதை'யும் வந்தது. இரண்டுக்கும் ஒரே ஆள்தான் இசை. முதல் மரியாதையில் பாட்டு எழுதிய வைரமுத்துவுக்கு டெல்லி விருது கொடுத்தது, சரி. ஆனால், இசைக்கான விருதை எதற்குக் கொடுத்தது? கச்சேரி மேடை உள்ள படத்துக்கு! தற்செயல் என்று நினைத்தால் பட்டியலைப் பாருங்கள். இசையமைப்புக்கு அவர் வாங்கிய முதல் மூன்று தேசிய விருதுகள்: 'சாகர சங்கமம்' (1983), 'சிந்து பைரவி' (1985), 'ருத்ரவீணா' (1988). மூன்றும் பரதத்தையோ கர்நாடக சங்கீதத்தையோ பற்றிய படங்கள். '16 வயதினிலே'யும் 'முள்ளும் மலரும்' படமும் அந்த வாசலில் செருப்பைக் கழற்றிவிட்டு நின்றதோடு சரி.

'பாடறியேன்' பாட்டையே பாருங்கள். அருமையான பாட்டு, மறுக்கவில்லை. சித்ராவுக்கு விருது வாங்கித் தந்த பாட்டு. கச்சேரிக்கு நடுவே ஒரு பெண் எழுந்து நாட்டுப்புற மெட்டில் பாட ஆரம்பிக்கிறாள். மெட்டு அப்படியே சாரமதி ராகத்தில் ஏறி, தியாகராஜர் கீர்த்தனையில் போய் நிற்கிறது. சபை கை தட்டுகிறது, தியேட்டரும் தட்டுகிறது. எப்போது? நாட்டுப்புறப் பாட்டு பாடும்போது இல்லை. அது தியாகராஜரின் கையைப் பிடித்துக்கொண்டு உள்ளே நுழைந்த பிறகு!

'முதல் மரியாதை'யில் அந்தக் கை தேவைப்படவில்லை. மலேசியா வாசுதேவனின் குரலும், ஒரு புல்லாங்குழலும், ஆற்றங்கரையும் போதுமாக இருந்தது. என் கணக்கில் அதுதான் பெரிய ஆல்பம்.

சரி, வாத்தியாரின் கேஸுக்கு வருவோம். 1986-ல் வந்த 'ஹவ் டு நேம் இட்' சினிமா இல்லை, பாட்டு இல்லை, வெறும் வாத்தியம். அதனால்தான் 'தூய கலை' என்கிறார்கள். சினிமாப் பாட்டு ஆர்டர் வேலையாம், இது ஆத்மாவாம்!

ஐயா, பாக் என்ன செய்தார்? 1723-ல் லைப்ஸிக் நகரத்தில் தேவாலய இசைப் பொறுப்பில் சேர்ந்தார். சேர்ந்த புதிதில் ஏறக்குறைய வாரம் ஒன்று என்று ஞாயிறு பூஜைக்குப் புதிது புதிதாக எழுதிக் கொடுத்தார். ஞாயிற்றுக்கிழமை தள்ளிப்போகாது. தயாரிப்பாளர் காத்திருந்தாலும் காத்திருப்பார், கர்த்தர் காத்திருக்க மாட்டார். அசல் ஆர்டர் வேலை! காலையில் தியேட்டருக்கு வந்து, நோட்ஸ் எழுதிக் கொடுத்து, அன்றைக்கே பாட்டை ரெக்கார்டிங் முடித்த ராஜாதான் பாக்குக்கு நிஜமான பங்காளி. அந்தப் பாட்டுகளில் கிராமத்து மெட்டு மேலே ஒரு பக்கம் போய்க்கொண்டிருக்கும், அடியில் வயலின்கள் தங்கள் பாட்டுக்கு வேறொரு வழியில் நடக்கும். கடைசியில் இரண்டும் ஒரே இடத்தில் வந்து சேரும். தனி ஆல்பத்தில் பாக்கை வீட்டுக்கு அழைத்து நாற்காலி போட்டு உட்காரவைத்தார். சினிமாவில் அவரை வயலில் இறக்கி வேலை வாங்கினார். எது கஷ்டம்?

இன்னொன்று. வி.எஸ்.நரசிம்மனின் வயலினுக்காகவே அந்த ஆல்பத்தை நானும் கேட்பேன். ஆனால், அது என் நெஞ்சுக்குள் போனது கேசட்டில் இல்லை. பாலுமகேந்திரா அதை 'வீடு' படத்தின் பின்னணிக்கு எடுத்துக்கொண்டாரே, அப்போதுதான். சொக்கலிங்க பாகவதரின் கிழட்டு நடையோடு கேட்டபோதுதான் அந்த வயலின் எதற்காக அழுகிறது என்று தெரிந்தது. கடைசியில் சினிமாதானே காப்பாற்றியது!

'திருவாசகம்', 2005. ஓதுவார் ஒருவர் வாத்தியமே இல்லாமல் பாடினால் கோயில் தூணும் உருகும். புடாபெஸ்ட் கோஷ்டி வாசித்ததும் மாணிக்கவாசகர் கூட்டத்தில் பின்னால் தள்ளப்பட்ட மாதிரி இருந்தது எனக்கு. பலருக்கு உருகியிருக்கலாம். எனக்கு வியந்தது. வியப்பு வேறு, உருகுவது வேறு.

இதையெல்லாம் தூக்கிச் சாப்பிட்ட ஆல்பம் ஒன்று உண்டு. 1993-ல் லண்டனில் ராயல் பில்ஹார்மோனிக் கோஷ்டியை வைத்துப் பதிவான சிம்பொனி. அது வெளியே வரவே இல்லை. ஆனாலும், நாம் விட்டோமா? கேட்காமலேயே 100-க்கு 100 போட்டோம். 2025 மார்ச் 8-ல் அதே லண்டனில் 'வேலியண்ட்' சிம்பொனியை அவர் அரங்கேற்றினார். 81 வயதில் அது சாதாரணமான காரியமில்லை, கும்பிடுகிறேன். ஆனால், பேசிய வாய்களில் பாதி, "லண்டன்லயே ஒத்துக்கிட்டாங்க சார்" என்றுதான் பேசின. எந்த இடம் மனதைத் தொட்டது என்று சொன்னவர்கள் குறைவு.

இதனால் ராஜாவுக்கு ஒரு நஷ்டமும் இல்லை. நஷ்டம் இங்கே, இந்த மலையடிவாரத்தில் உறுமி வாசிக்கிற பையனுக்கு. அவன் வாசிப்பது 'சத்தம்', கீபோர்டு கிளாஸ் போய் சர்ட்டிபிகேட் வாங்கினால் 'சங்கீதம்' என்று நாம் சொல்லித்தருகிறோம். பாவலர் வரதராஜனின் கட்சி மேடையில் ஆர்மோனியம் வாசித்து வளர்ந்த ஒரு ஆள் 1976-ல் 'அன்னக்கிளி'யில் உடைத்த பூட்டை, அவர் பெயரைச் சொல்லியே நாம் திரும்பப் பூட்டுகிறோம்.

"ஒப்பிடாதே" என்று அர்த்தம் வரும்படி 'ஹவ் டு நேம் இட்'டில் ஒரு டிராக்குக்குப் பெயர் வைத்திருக்கிறார். அந்த ஆல்பத்தில் எனக்கு ரொம்பப் பிடித்தது அந்தப் பெயர்தான்.

இவ்வளவும் பேசி முடித்தபோது கடைக்கார அண்ணன் ஒன்றும் சொல்லவில்லை. ரேடியோவைத் திருப்பினார். மலேசியா வாசுதேவன் பாடிக்கொண்டிருந்தார். யாரும் பேசவில்லை. தினத்தந்திக்காரர்கூடப் பேப்பரை மடித்துவிட்டார்.

பாட்டு முடிந்ததும் டீ வந்தது.