உழிஞையும் நொச்சியும்

வெல்லுதல் வேறு, தோலாமை வேறு. இரண்டிலும் போராடுவார் களத்திலேயே நிற்றலான், காண்பார்க்கு இரண்டும் ஒன்றுபோல் தோன்றும். பழந்தமிழ்ப் புறப்பொருள் நூலார் அங்ஙனம் மயங்கினாரல்லர். பகைவர் மதிலை வளைத்துக் கொள்வார் சூடுவது உழிஞை. அதனை உள்ளிருந்து காப்பார் சூடுவது நொச்சி. தொல்காப்பியர் நொச்சியை உழிஞையுள்ளேயே அடக்கினார்; பின்வந்த புறப்பொருள் வெண்பாமாலையார் அதனைத் தனித்திணையாக்கினார். எது தக்கது என்னும் புலவர் வழக்கு இங்கு வேண்டா. நொச்சி மறவன் எத்துணைத் திறம்படப் பொருதாலும் அவன் கைக்கு வருவது முன்பே அவனதாயிருந்த மதில்தான் என்பதும், முற்றுகையை என்று தொடங்குவது, என்று நீக்குவது என்பதைப் பெரும்பாலும் புறத்தே நிற்பவனே முடிவு செய்கின்றான் என்பதுமே இங்குக் கருதத்தக்கன.

இவ் வேறுபாட்டைக் காண ஏடு புரட்ட வேண்டுவதில்லை. ஒரகடத்தை அடுத்த வடக்குப்பட்டில் நின்று சுற்றிப் பார்த்தாலே போதும். 2022-இல் இந்தியத் தொல்லியல் துறையினர் அகழ்ந்து கற்கருவிகளும் பழங்கால மட்கல ஓடுகளும் எடுத்த ஊர் அது. கைத்தொழில் அங்கு நேற்று வந்ததன்று என்பதற்கு மண்ணே சான்று. அவ்வூருக்கு ஒருபுறம் தனித்தமிழ்த் தந்தையின் பெயர் தாங்கிய மறைமலைநகர். மறுபுறம் திருப்பெரும்புதூருக்கு அப்பால் சுங்குவார்சத்திரம். அண்மையாண்டுகளில் முன்னதில் ஒரு நொச்சிப் போரும், பின்னதில் ஓர் உழிஞைப் போரும் நிகழ்ந்தன.

2021 செப்டம்பர் 9-ஆம் நாள், போர்டு என்னும் அமெரிக்க நிறுவனம் இந்தியாவில் மகிழுந்து செய்தலை நிறுத்தப் போவதாக அறிவித்தது. மறைமலைநகர் ஆலைத் தொழிலாளர்க்குக் கழகம் இருந்தது, ஒற்றுமையும் இருந்தது. 2022 மே, சூன் திங்கள்களில் அவர்கள் வேலையை நிறுத்திப் போராடினர். ஆயினும் அவர்கள் கேட்டது ஆலையை அன்று. அது மூடப்படுவது எங்கோ முடிவாகிவிட்டது. போகும்போது கொடுக்கும் தொகையைக் கூட்டிக் கொடுங்கள் என்பதே அவர்கள் கோரிக்கை. சூலைத் திங்களில் கடைசி வண்டி வெளிவந்தது. மதில் சரிந்தபின் எஞ்சியதைக் காத்தலும் கடமையே. அதில் இழிவு சிறிதுமில்லை. ஆனால், அப் போரில் வெற்றி என்று ஒன்று தொடக்கத்திலேயே இல்லாதிருந்தது.

சரியாக மூன்றாண்டு கழித்து, 2024 செப்டம்பர் 9-ஆம் நாள், சுங்குவார்சத்திரத்துச் சாம்சங் ஆலையில் ஆயிரத்துக்கு மேற்பட்டோர் வேலைநிறுத்தம் தொடங்கினர். குளிர்பெட்டியும் தொலைக்காட்சிப் பெட்டியும் துணிவெளுக்கும் பொறியும் செய்யும் ஆலை அது. 2007 முதல் நடைபெறுவது. ஊதியமும் வேலை நேரமும் அவர்தம் கோரிக்கைகளில் இருந்தன. எனினும் தலையாயது, மக்கள் வாயில் தொழிற்சங்கம் என வழங்கும் தங்கள் கழகத்தை ஒப்புக்கொள்ளல் வேண்டும் என்பதே. அதாவது, அதுகாறும் தம்மிடம் இல்லாத ஒன்றை அவர்கள் கேட்டனர்.

நிறுவனம் அதனை மட்டும் விட்டுப் பிறவற்றைத் தர முன்வந்தது. அக்டோபர் 7-ஆம் நாள், வேறொரு தொழிலாளர் குழுவோடு உடன்பாடு கண்டதாக அறிவிக்கப்பட்டது: திங்கள்தோறும் 5,000 உருபா ஊக்கத்தொகை, கூடுதலான குளிரூட்டிய பேருந்துகள், தொழிலாளி இறப்பின் குடும்பத்துக்கு உடனடியாக ஓரிலக்கம் உருபா. ஒரு திங்களாக ஊதியமின்றி இருந்தவர்க்கு 5,000 உருபா சிறு தொகையன்று. இழவாமை ஒன்றே குறியாயின் அன்றே எழுந்து உள்ளே போயிருப்பர். அவர்கள் போகவில்லை. ஊதியம் என்னும் சொல் குறளில் பெறும் பேற்றைக் குறித்தது. இற்றை நாளில் கூலியைக் குறிக்கின்றது. அப் பந்தலில் அமர்ந்திருந்தோர் பழம்பொருளையே பற்றி நின்றனர் எனலாம். அப் பந்தலும் இரண்டொரு நாளில் காவல்துறையால் அகற்றப்பட்டது.

37-ஆம் நாள், அக்டோபர் 15-இல், அரசின் முன்னிலையில் வேலைநிறுத்தம் முடிந்தது. பழிவாங்கல் இராது என்னும் உறுதி கிடைத்தது. கழகத்துக்கு ஒப்புதல் கிடைக்கவில்லை. தோற்றுத் திரும்பினர் என்றனர் சிலர். வெற்றியுமில்லை, தோல்வியுமில்லை என்றனர் சிலர். போர் முடிந்துவிட்டதெனக் கொண்டமையால் வந்த பிழை இது. பந்தல் போன பின்னும் அவர்கள் குறி மாறவில்லை, களமே மாறியது. கழகத்தின் பெயரில் தன் பெயர் வருதலாகாது என்று நிறுவனம் தடை கூறியிருந்தது. பதிவு தள்ளிக்கொண்டே போயிற்று. வழக்கு சென்னை உயர் வழக்குமன்றத்துக்குச் சென்றது. 2025 சனவரி 27-ஆம் நாள் 'சாம்சங் இந்தியா தொழிலாளர் சங்கம்' அப் பெயரோடேயே பதிவாயிற்று. (சங்கம் என்பதைக் கழகம் என்று வைத்திருக்கலாம், அது வேறு வழக்கு.)

இதில் தோலாமை ஒன்றையே கருதி நின்றது தமிழக அரசு. முதலீடு போய்விடுமோ, ஆலை அண்டை மாநிலத்துக்குப் பெயர்ந்துவிடுமோ என்னும் கவலையே அதன் பேச்சில் முன்னின்றது. அன்று நடைமுறையில் இருந்த 1926-ஆம் ஆண்டுச் சட்டம் தந்த உரிமையைப் பதிவு செய்தற்கு வழக்குமன்றம் வரை செல்ல விட்டது அக் கவலையே. சாம்சங் தன் தாய்நாடான தென்கொரியாவில் நெடுங்காலம் கழகத்துக்கு இடங்கொடாது ஆலை நடத்தியது. 2020 மே திங்களில் அதன் தலைமையில் இருந்த இலீ சே-யோங் மக்கள்முன் பொறுத்தருள வேண்டி, அப் போக்கைக் கைவிடுவதாக உறுதி கூறினார். அங்கு விட்டதை இங்கும் விடுக என்று கேட்க ஓர் அரசுக்கு வாய் இல்லாமற் போனதேன்? இழப்பை எண்ணி நடுங்குவார்க்குக் கேட்கத்தக்கது எது என்பதே புலப்படுவதில்லை. கழகம் பதிவான பின்னும் ஆலை சுங்குவார்சத்திரத்திலேதான் இருக்கின்றது.

வென்றார்க்கும் நொச்சி வேண்டும். 2025 பிப்ரவரியில் கழகப் பொறுப்பாளர் மூவர் வேலையினின்று இடைநீக்கப்பட்டபோது தொழிலாளர் மீண்டும் அமர்ந்தனர். பெற்றதைக் காக்கும் போர் அது. மே திங்களில், மூன்றாண்டில் படிப்படியாகத் திங்களூதியம் 18,000 உருபா உயர்வதற்கான உடன்படிக்கை ஏற்பட்டது. முன்னர் நீட்டப்பட்ட 5,000-த்தோடு இதனை ஒப்பிட்டுக்கொள்க.

ஆயினும் வடக்குப்பட்டு, ஒரகடம் சுற்றுவட்டத்து ஆலைகள் பலவற்றில் நிலையான தொழிலாளரோடு ஒப்பந்தத் தொழிலாளரும் பயிற்சித் தொழிலாளரும் வேலை செய்கின்றனர். அவர்க்குக் கழகமும் இல்லை. நாளை அதே வாயிலில் நுழைவோமா என்னும் உறுதியும் இல்லை. நொச்சி சூடுதற்கும் ஒரு மதில் வேண்டுமன்றோ?